எண்ணைத் திருப்பிச் சொல்

புந்தா அரேனாசில் ஜூன் மாதம்
காலை பத்து மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் நாற்பது குழாய்கள் வந்துவிட்டன.
ஊதா மூடி, அணுக்களை எண்ண.
நீல மூடி, உறைவதைப் பார்க்க.
மஞ்சள் மூடி, மிச்சம் எல்லாவற்றுக்கும்.
உள்ளே எல்லாம் ஒரே சிவப்பு.

மையவிலக்கி சுழல்கிறது. வெளியே
ஜலசந்திக் காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்குகிறது.
எது எதன் இரைச்சல் என்று
மூன்றாவது வாரத்துக்குப் பிறகு
நான் பிரித்துக் கேட்பதில்லை.

பார்கோடு 7714.
கார்கமோ, நோல்பெர்த்தோ. வயது ஐம்பத்தெட்டு.
முகம் தெரியாது.
படகில் போய் ராட்சத நண்டு பிடிப்பவராம், இவேத் சொன்னாள்.
இவேத்தின் முகமும் தெரியாது எனக்கு.
மூன்றாம் மாடியில், தொலைபேசியின் மறுமுனை அவள்.
விதி இது:
அபாய எண்ணை நான் சொல்ல வேண்டும்,
அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்,
நான் ஆம் என்க வேண்டும்.

"ஃபெரிட்டின் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து."
"இரண்டாயிரத்து நூற்றுப் பத்து."
"ஆம்."

இரும்பைப் பூட்டிவைக்கும் பெட்டி அது.
கிருமிக்கு ஒரு துளி கிடைத்துவிடக் கூடாதென்று
பெட்டிமேல் பெட்டியாக அடுக்குகிறது உடம்பு,
கப்பல் மூழ்கும்போது
சரக்கறைச் சாவியைத் தேடும் மாலுமி போல.

லிம்போசைட் நானூறு.
திருப்பிச் சொன்னாள், குரல் ஒரு படி இறங்கி.
டி-டைமர், எங்கோ ஒரு கட்டி உடைந்த தூள்.
எங்கே என்று தூள் சொல்லாது.
சி.ஆர்.பி. இருநூற்று அறுபது.

வைரஸ் இந்நேரம் பாதி ஓய்ந்திருக்கும்.
தேடி வந்த திருடன் போன பிறகும்
தெருத்தெருவாய்க் கொளுத்திக்கொண்டிருக்கிறது காவல்படை.
இது என் பேச்சு.
மஞ்சள் குழாய்க்கு உவமை தெரியாது.

புதன்கிழமை சந்தியாகோ விமானத்தில் மருந்து வந்தது,
இன்டர்லூக்கின் ஆறு தட்டும் கதவை அடைக்கும் மருந்து.
வெள்ளியன்று
சி.ஆர்.பி. முப்பத்தெட்டு.
அபாய எண் இல்லை, அழைக்கத் தேவையில்லை. அழைத்தேன்.
"முப்பத்தெட்டா? முப்பத்தெட்டு! முப்பத்தெட்டு!"
மூன்று முறை திருப்பிச் சொன்னாள்.
பின்னால் யாரோ கை தட்டினார்கள்,
இரட்டைக் கையுறைக்குள் மொத்தையாய் ஒரு சத்தம்.

ஆம் என்றேன். ஆம் மட்டும்.
கல்லீரல் சி.ஆர்.பி. செய்ய
இன்டர்லூக்கின் ஆறின் உத்தரவு வேண்டும்.
உத்தரவு போய்ச் சேராவிட்டால் எண் இறங்கத்தான் செய்யும்.
தீ அணைந்ததா,
மணிக்கயிறு அறுந்ததா,
என் இயந்திரத்துக்கு இரண்டும் முப்பத்தெட்டு.
டாக்டருக்குத் தெரியும். இவேத்துக்கும் தெரிந்திருக்கும்.
அரை நிமிட மகிழ்ச்சியால் யார் நுரையீரலும் கெட்டதில்லை
என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு: லிம்போசைட் நானூற்று இருபது.
இருபது! அதை என்ன செய்ய?

திங்கள், குழாய் வரவில்லை.
வீட்டுக்குப் போனவருக்கும் குழாய் வராது.
மற்றவருக்கும் வராது.
தாங்கியில் இரண்டுக்கும் ஒரே ஓட்டை.
திரையில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும்.
தட்டவில்லை.
இவேத் அழைத்தாள், வேறொருவரின் பொட்டாசியம் பற்றி.
நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை,
அந்தப் பொட்டாசியத்தை மட்டும்
தேவைக்கு மேல் நீட்டிப் பேசினோம்.

மாதிரிகளை ஏழு நாள் குளிரில் வைத்து
எட்டாம் நாள் எறிய வேண்டும்.
கையில் எடுத்தேன்.
அடியில் அடர்சிவப்பு,
நடுவில் மெழுகு மாதிரி ஜெல்,
மேலே தேநீர் நிறத்தில் ஒரு தெளிவு.
கையின் சூட்டில் கண்ணாடி வியர்த்தது.

மூன்றாம் மாடிக்கு அழைத்தேன்.
"இவேத். 7714."
மறுமுனையில் ஆக்சிஜன் குழாய்களின் சீறல்.
பிறகு, மெதுவாக,
"ஏழு. ஏழு. ஒன்று. நான்கு."

ஆம் என்றேன்.